தலையாரி நட்ட சாமி

ஒத்தப்பனைமேட்டுத் தலையாரி அய்யம்பெருமாள் தன் ஐம்பத்தெட்டு வயதில் யாரிடமும் 'மாட்டேன்' என்று சொன்னதில்லை. வாய் நிறைய 'சரி' என்றும் சொன்னதில்லை. யார் எதைச் சொன்னாலும் "ஆவட்டுங்க" என்பார். தாசில்தாருக்குக் குடை பிடிக்கச் சொன்னாலும் ஆவட்டும்; அதே தாசில்தாரை மறித்து ரோட்டில் உட்காரக் கூப்பிட்டாலும் ஆவட்டும். கலியாணத்தன்று தாலி கட்டச் சொன்னதற்கும் இதையே சொல்லிவிட்டுத் தாலியைக் கையில் பிடித்தபடி சும்மா நின்றாராம். நாத்தனார்தான் பிடுங்கி மூன்று முடிச்சையும் போட்டாளாம். "எனக்குத் தாலி கட்டுனது எங்க நாத்தனாதான்" என்று அவர் பெண்டாட்டி ஜெயசித்ரா இன்றைக்கும் குழாயடியில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

தலையாரி என்ற பேரை அரசாங்கம் 'கிராம உதவியாளர்' என்று மாற்றிப் பல வருடமாகிறது. வேலையை மாற்றவில்லை. பேர் மாற்றுவதில் மட்டும் அரசாங்கத்துக்குக் கை தாராளம். ஊருக்கு வெளியே, சிமெண்டு லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு அரியலூருக்குப் போகும் சாலையில், ஒரு பழைய பருத்தி குடோன் இருக்கிறது. தொண்ணூறாம் வருடம் இலங்கையிலிருந்து தப்பி வந்த ஜனங்களை அதற்குள்தான் இறக்கினார்கள். நடுவில் புடவையைக் கட்டி, பத்தடிக்கு ஒரு குடும்பம் என்று பிரித்துக் கொடுத்தார்கள். வாசலில் 'அகதிகள் முகாம்' என்று போர்டு மாட்டினார்கள். முப்பது வருடம் கழித்து, 'அகதி' என்று சொல்வது மனசைப் புண்படுத்துகிறது என்று கண்டுபிடித்து, 'மறுவாழ்வு முகாம்' என்று புது போர்டு வந்தது. அதே ஆணி. போர்டுக்குப் பின்னாலும் அதே புடவைச் சுவர்தான். புடவைகள் மட்டும் நாலைந்து தலைமுறை பார்த்துவிட்டன.

ஊரையும் சொல்ல வேண்டும். லாரியில் அந்த ஜனங்கள் வந்து இறங்கிய அன்றைக்கு ஒத்தப்பனைமேடே திரண்டு போய் அழுதது. வீட்டுக்கு ஒரு படி அரிசி, ஒரு பழம்புடவை. இழவுக்கு மாரடிப்பதில் பேர்போன நாலு பேர், இழந்து வந்தவர்களைவிடச் சத்தமாக அழுது அவர்களைப் பயமுறுத்தினார்கள். மூன்றாம் மாதம் தண்ணீர்க் குழாயில் குடத்தோடு குடம் இடித்தது. அன்றோடு அழுகை நின்றது.

அழுகையை நிறுத்தாத ஒரே ஆள் ராசாங்கம். ஊரில் பெரிய வெங்காயப் பட்டறை அவருடையது. கட்சி நாலு மாறியிருக்கிறார். இனப்பற்று மட்டும் மாறவில்லை. இலங்கையில் கடைசிச் சண்டை நடந்த வருடம் மொட்டை போட்டார், கறுப்புச் சட்டை போட்டார், பஸ்ஸை மறித்தார், காலை எட்டு மணியிலிருந்து மாலை ஐந்து மணி வரை உண்ணாவிரதம் இருந்தார். 'தொப்புள்கொடி உறவு' என்ற வார்த்தையை அவர் மைக்கில் சொன்னால் முன்வரிசையில் இருப்பவர்கள் தங்கள் தொப்புளைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள்.

இப்படி இருக்கையில் முகாம் ஜனங்களுக்கு நாற்பது வீடு கட்டச் சொல்லி உத்தரவு வந்தது. இடம், ஊருக்கும் குடோனுக்கும் நடுவிலிருந்த கல்லாங்குத்துப் புறம்போக்கு. முள்ளும் பாறையும்தான். ஆடுகூட அங்கே அரை மனசோடுதான் மேயும். ஊர் அந்த இடத்துக்கு அதுவரை செய்த ஒரே மரியாதை, விடிந்ததும் சொம்போடு போய்க் குந்தியதுதான். உத்தரவு வந்த மறுநாள் அது "நம்ம மண்ணு" ஆகிவிட்டது.

பிள்ளையார் கோவில் முன்னால் முக்கியமான பத்துப் பேர் கூட்டம் போட்டார்கள்.

"இனத்துக்காக உசுரையே குடுப்பேன்," என்றார் ராசாங்கம். "எடத்தக் கேட்டா எப்புடி?"

"எங்கூட்டுக் கூரை ஒழுவுதுன்னு நாலு வாட்டி மனு குடுத்துட்டேன்," என்றாள் ஒருத்தி. "ரேசன் கார்டுல பேரு தப்புங்கறான், வரி ரசீதக் கொண்டாங்கறான். படகுல வந்தவங்களுக்குக் காங்கிரீட்டு வூடா?"

அந்தக் கேள்வியில் ஞாயம் இருந்தது. அதனால்தான் அதை ஒருவரும் அரசாங்கத்திடம் போய்க் கேட்கவில்லை. குடோனைப் பார்த்துக் கேட்டார்கள்.

"சாமி இருக்குற எடத்துல கவுருமெண்டு கை வெக்காது," என்று ராசாங்கம் யோசனை சொன்னார். "அங்க ஒரு சாமி இருந்தா தேவலாம்."

"இல்லியே!"

"இல்லன்னா வெக்கிறது. என்னாப்பா தலையாரி? நல்ல கல்லாப் பாத்து நடு."

"ஆவட்டுங்க," என்றார் அய்யம்பெருமாள்.

அன்று மத்தியானமே கிராம நிர்வாக அலுவலர் மரிய ஆல்பர்ட் பைக்கில் வந்து நின்றார். வரதராசன்பேட்டைக்காரர், வெயில் ஆகாத உடம்பு, எந்நேரமும் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருப்பார்.

"அய்யம்பெருமாளு, அந்தப் பொறம்போக்குல ஒருத்தன் ஒரு குச்சிகூட நடக் கூடாது. இந்த மாசத்துக்குள்ள எடம் வில்லங்கமில்லாம கைக்கு வரணும். இல்லன்னா இந்த நாப்பது வூடும் வேற மாவட்டத்துக்குப் போயிரும். நீதான்யா காவல்."

"ஆவட்டுங்க சார்."

பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்குக்குக்கூட ஒரு நாளில் இத்தனை வேலை வந்திருக்காது.

கல்லுக்கு எங்கே போவது? குவாரியில் கேட்டால் பேச்சு கிளம்பும். அய்யம்பெருமாளுக்கு ஆபீசுக்குப் பின்னால் கிடந்த கல் ஞாபகத்துக்கு வந்தது. மூன்று மாதத்துக்கு முன் சர்வேயர் நர்மதா, புறம்போக்கின் வடகிழக்கு மூலையில் நடச் சொல்லி அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்த அளவுக்கல் அது. அதற்கும் ஆவட்டும் என்று சொல்லிப் போட்டுவைத்திருந்தார். கோழி அதன்மேல் ஏறி எச்சமிட்டுக்கொண்டிருந்தது. நாலு பக்கமும் இழைத்தது போலிருக்கும். உச்சியில் ஒரு கூட்டல்குறி, விலாவில் கறுப்பு மையில் எண். இதைவிட லட்சணமான கல் எந்தக் கோவிலில் இருக்கிறது? எண்ணை மஞ்சள் மறைக்கும், கூட்டலைக் குங்குமம் மறைக்கும். அளவுக்கல்லைப் பிடுங்கினால் ஜெயில் என்று அந்த ஊரில் தமுக்கடித்துச் சொன்னதே அய்யம்பெருமாள்தான். ஆனால் இதைத்தான் அவர் பிடுங்கவில்லையே! நடத்தானே போகிறார்?

வியாழக்கிழமை விடியற்காலையில் டி.வி.எஸ். வண்டியின் முன்னால் நிறுத்திக் கொண்டுபோய் இடத்தின் நட்டநடுவில் நட்டார். மஞ்சள் பூசி, குங்குமம் அப்பி, சிவப்புத் துண்டைச் சுற்றினார். ராசாங்கம் வந்து 'கல்லாங்குத்து முனி' என்று பேர் வைத்துக் கற்பூரம் காட்டினார். காட்டும்போது அவருக்கே உடம்பு சிலிர்த்ததாம்.

அதற்கப்புறம் நடந்ததற்கு அய்யம்பெருமாள் பொறுப்பில்லை. நாலாம் நாள் காணாமல் போன ஆடு ஒன்று திரும்பி வந்தது. ஐந்தாம் நாள் சின்ன வெங்காயம் விலையேறியது. ஆறாம் நாள் பொங்கல், எலுமிச்சை மாலை, ஒரு வேல். யார் வைத்த சாமி என்று தெரிந்த பத்துப் பேரும் தெரியாததுபோல் கும்பிட, தெரியாத முந்நூறு பேர் நிஜமாகவே கும்பிட்டார்கள். நேற்றுவரை சொம்போடு போனவர்கள் இப்போது செருப்பைக் கழற்றிவிட்டுப் போனார்கள். சொம்பு மட்டும் ரோட்டைத் தாண்டிக் குடோனின் கொல்லைப்பக்கம் போய்விட்டது.

அய்யம்பெருமாளுக்குப் பழைய இடத்தை விட மனசில்லை. இடத்தைப் பார்த்துக்கொள் என்று ஆபீசும் சொல்லியிருந்தது, சாமியைப் பார்த்துக்கொள் என்று ஊரும் சொல்லியிருந்தது. இரண்டு காவலையும் ஒரே நேரத்தில் முடிக்கிற சாக்கில், பத்தாம் நாள் காலையில் ஒரு வேலிக்காத்தான் புதருக்குப் பின்னால் குந்தியிருந்தார். அப்போது கொலுசில்லாத கால் நடந்து வருகிற சத்தம் கேட்டது. எழுந்திருக்க முடியாத நிலை. மூச்சைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

முகாமிலிருக்கும் லீலா மேரி. ஒன்பது வயதில் அம்மாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு லாரியிலிருந்து இறங்கியவள்; இப்போது அவளுக்கே மூன்று பெண்கள். புருசன் பெயிண்டு அடிக்கப் போன இடத்தில் சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போனான். அவள் சித்தாள் வேலைக்குப் போகிறாள். பெரம்பலூரில் புதிதாக எழும்பிய வீடுகளில் பாதிக்கு அவள் கலவை சுமந்திருக்கிறாள்.

கல்லின் முன்னால் நின்று, இடுப்பில் கைவைத்து, மேஸ்திரியிடம் பேசுவதுபோல் பேசினாள்.

"இஞ்ச பாரும் முனியப்பா. நான் வேதக்காரி. உமக்கும் எனக்கும் பழக்கமில்ல. ஏலாக்குறிச்சி மாதாகிட்டக் கேட்டுக் கேட்டு அவவும் களைச்சுப்போனா. நீர்தான் இந்த எடத்துக்குச் சொந்தக்காரர் எண்டு ஊர்ச்சனம் சொல்லுது. எங்கள உள்ள விடாதபடிக்குத்தான் உம்ம வெச்சிருக்காங்க எண்டும் சொல்லுது. அது உமக்கும் அவங்களுக்கும் உள்ள கதை. நான் பெருசா ஒண்டும் கேக்கல. குளிக்க ஒரு அறை. உள்ளுக்க தாப்பாள் போடுற மாதிரி ஒரு கதவு. பெரியவ குளிக்கப் போனா நடுவுலவ சீலையப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா. நடுவுலவ போனா சின்னவ நிக்கிறா. பின்பக்கத்தால ஊர் ஆம்பிளையள் சொம்போட வாறாங்க இப்ப. அதுவும் உம்மாலதான்."

கொஞ்ச நேரம் கல்லை உற்றுப் பார்த்தாள்.

"நல்லாத்தான் கொத்தியிருக்கு," என்றாள். "தர ஏலுமெண்டா தாரும். ஏலாதெண்டா பேசாம இரும். பதில் சொல்லுற ஆக்கள நிறையப் பாத்திட்டன்."

ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டு வேலைக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். அய்யம்பெருமாள் எழுந்தபோது இரண்டு காலும் மரத்திருந்தன.

வீட்டில் ஜெயசித்ரா களி கிளறிக்கொண்டிருந்தாள்.

"அந்த முகாம் பொம்பள நான் நட்ட கல்லுகிட்ட வந்து வேண்டிக்கிட்டுப் போவுது," என்றார்.

துடுப்பு நின்றது. "நீங்க நட்ட கல்லா?"

"நாந்தான் நட்டேன். அளவுக்கல்லு."

"அட பாவி மனுசா! முந்தாநேத்து அதுக்கு நான் மாவெளக்குப் போட்டனே! வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னியா? மூட்டுவலி வேற கொறஞ்சுதே!"

"அது தைலம்."

"தைலமோ முனியோ, மாவெளக்கு மாவ நீதான தின்ன? கவுருமெண்டுக் கல்லுக்குப் படையல் போட்ட மொத முண்டச்சி நானாத்தான் இருப்பேன்." புருசன் எதிரில் உட்கார்ந்திருக்கிறான் என்பதுகூட அவளுக்கு மறந்துவிட்டது. "சரி, என்னாத்த வேண்டிக்கிட்டா?"

அய்யம்பெருமாள் சொன்னார். தாப்பாள் விஷயம் வந்ததும் ஜெயசித்ரா களியை இரண்டு உருண்டை கூடுதலாகவே போட்டாள்.

பன்னிரண்டாம் நாள் கோட்டாட்சியர் அம்மா இடம் பார்க்க வந்தார். ஜீப்பு, பின்னால் போலீஸ், அதற்கும் பின்னால் மரிய ஆல்பர்ட்டின் கைக்குட்டை. நர்மதா டேப்பும் கருவியுமாக அளக்க இறங்கினாள். சாமியைச் சுற்றி ஊர் உடுக்கையோடு நின்றது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் முகாம் ஜனங்கள் நின்றார்கள். முப்பத்துமூன்று வருடமாக ஆள் எண்ணிக்கைக்கு நின்று பழகியதால் தானாகவே வரிசையில் நின்றார்கள்.

"எத்தன வருசமா இருக்கு இந்தக் கோயில்?" என்றார் அம்மா.

"மூணு தலமொறைங்க மேடம்," என்றார் ராசாங்கம். "எங்க பாட்டன் காலத்துல கெடா வெட்டுனது. சக்தியான தெய்வம். அந்தச் சனங்கமேல எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லீங்க. தொப்புள்கொடி ஒறவு. ஆனா சாமி சம்மதிக்கணுமில்ல?"

அம்மா பேனாவை எடுத்தார். நல்ல மனுசிதான், ஆனால் அன்றைக்கு இன்னும் மூன்று ஊர் பார்க்க வேண்டியிருந்தது. "வழிபாட்டுத் தலம் இருக்குன்னா இந்த எடம் தோதுப்படாது. வேற எடம் பாத்து அடுத்த வருசப் பட்டியல்ல அனுப்பலாம்."

அடுத்த வருசம் என்பது அரசாங்கப் பஞ்சாங்கத்தில் கிடையாத வருசம். ரோட்டுக்கு அந்தப்பக்கம் இருந்தவர்களுக்கு அது தெரியும். ஒருவரும் அழவில்லை, கத்தவில்லை. லீலா மேரி சின்னவளின் தலையில் ஒட்டியிருந்த முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

நர்மதா நெற்றி வேர்வையோடு திரும்பி வந்தாள். "மேடம், மூணு மூலை கிடைச்சிருச்சு. வடகிழக்குல கல்லு இல்ல." அய்யம்பெருமாளைப் பார்த்தாள். "பெரியவரே, உங்ககிட்ட ஒரு கல்லு குடுத்தேனே, எங்க?"

"இவரா உதவியாளர்?" என்றார் அம்மா. "நல்லதாப் போச்சு. உங்க வாக்குமூலத்தையும் எழுதிக்கிறேன். சொல்லுங்க. எத்தன வருசமா இந்தச் சாமி இருக்கு?"

"ஆவட்டு..."

"என்னய்யா ஆவட்டும்? எத்தன வருசம்னு கேட்டேன்."

ஊர் சிரித்தது. ராசாங்கம் கண்ணைக் காட்டி மூன்று விரலை மடக்கி மடக்கி நீட்டினார். சும்மா நின்றால் போதும். அய்யம்பெருமாள் வாயைத் திறக்க வேண்டியதுகூட இல்லை. தலையை ஆட்டினால் இரண்டு வருடத்தில் ஓய்வு பெற்று மாலையோடு வீட்டுக்குப் போகலாம்.

"பன்னண்டு நாளாவுதுங்க," என்றார்.

உடுக்கை நின்றது.

"போன வாரத்துக்கு முந்துன வியாழக்கெழமைங்க. டி.வி.எஸ்.ல வெச்சுக் கொண்டாந்தேன். அது சாமியில்லீங்கம்மா. சர்வே அம்மா கேட்ட கல்லுதான். மண்டையில கூட்டல் இருக்கும்."

"யோவ் தலையாரி!" ராசாங்கம் பாய்ந்தார். "சாமிக் குத்தமாயிரும்யா! கண்ணு அவிஞ்சிரும்!"

நர்மதா கையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து கல்லின் உச்சியில் ஊற்றினாள். குங்குமம் வழிந்து ஓடியது. கூட்டல்குறி பளிச்சென்று வெளிவந்தது.

"யேசுவே! சிலுவை!" என்று ரோட்டுக்கு அந்தப்பக்கமிருந்து லீலா மேரியின் அம்மா மண்டியிட்டாள்.

"பாத்தீங்களா மேடம்!" என்று கத்தினார் ராசாங்கம். "சாமிய மதம் மாத்திப்புட்டாங்க!"

மரிய ஆல்பர்ட் வானத்தைப் பார்த்தார். அந்த நேரத்தில் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஆபத்து என்று அவருக்குத் தெரியும். நர்மதா துண்டை விலக்கி, விலாவிலிருந்த எண்ணை உரக்கப் படித்தாள். அவளுடைய நோட்டிலும் அதே எண்.

"யாரு நடச் சொன்னது?" என்றார் அம்மா.

"ஊரு சொல்லிச்சுங்க. நட்டது நானு."

அம்மா எழுதினார். அய்யம்பெருமாள் கையெழுத்துப் போட்டார். மூன்றாம் நாள் இரண்டு உத்தரவு வந்தது. ஒன்று, இடத்தை வீடு கட்ட ஒப்படைத்தது. இன்னொன்று, அளவுக்கல்லைத் தவறாகப் பயன்படுத்திய கிராம உதவியாளரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தது. இரண்டிலும் ஒரே முத்திரை.

கல்லைப் பிடுங்குவதில் தகராறு வந்தது. பொங்கல் வைத்த பெண்கள் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். அளவுக்கல்லாக வந்திருந்தாலும் படையல் வாங்கிய கல் இனி சாமிதான் என்றார்கள். அதுவும் ஞாயம்தான். "அப்ப ஊருக்குள்ள கொண்டுபோய் வெச்சுக்கங்க, மரியாதையா இருக்கும்" என்றார் மரிய ஆல்பர்ட். முனியை எடுத்து டிராக்டர் பெட்டியில் வைத்து, மேளத்தோடு ஊருக்குள் கொண்டுபோனார்கள்.

மாரியம்மன் கோவிலில் பூசாரி கதவைப் பாதி சாத்திக்கொண்டு பேசினார். "ஆத்தாளுக்கும் முனிக்கும் ஆவாதுப்பா." பிள்ளையார் கோவிலில் இடம் போதாது. பள்ளிக்கூடத்தில் அதற்கு உத்தரவு இல்லை. சரி, நட்டுவைக்கச் சொன்னவர் வாசலிலேயே வைக்கலாம் என்று ராசாங்கம் வீட்டுக்குப் போனால், அவர் பெண்டாட்டி விளக்குமாற்றோடு வந்தாள். "துடியான சாமிய வாசல்ல வெச்சுட்டு, வீட்டுக்குத் தூரமான நாள்ல நானும் எம் மருமவளும் சுவரேறிக் குதிக்கிறதா? வந்த எடத்துக்கே அனுப்புங்க!"

முனி நாலு நாள் டிராக்டர் பெட்டியில் தார்ப்பாய் மூடிக் கிடந்தார். டிராக்டர்க்காரன் சோளம் ஏற்ற வேண்டும் என்று சண்டை போட்டான். கடைசியில் நர்மதா வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போய், வடகிழக்கு மூலையில் அளந்து நட்டாள். இப்போது ஊர் இந்தப்பக்கம் நின்று சூடம் கொளுத்துகிறது. லீலா மேரியின் அம்மா அந்தப்பக்கம் நின்று மெழுகுவத்தி ஏற்றுகிறாள். சர்வே துறையிலிருந்து ஆட்சேபணை ஒன்றும் வரவில்லை.

அதோடு முடிந்திருக்கும். ராசாங்கம் வக்கீல் வைத்தார். ஒரு நாள் சாயங்காலம் தட்டச்சு செய்த தாளோடு அய்யம்பெருமாள் வீட்டுக்கு வந்தார். வெற்றிலைத் தட்டு, பழம் எல்லாம் இருந்தது.

"மாமா, ஒங்க மேல எனக்குக் கோவமே இல்ல," என்றார். "வக்கீல் எல்லாம் பேசிட்டாரு. அன்னிக்கி குடிபோதையில ஒளறிட்டேன், அந்த வாக்குமூலம் செல்லாதுன்னு எழுதியிருக்கு. ஒரு கையெழுத்து. கோர்ட்டுல தடை வாங்கிரலாம். ஒங்க வேலையத் திரும்ப வாங்கித் தர்றது எம் பொறுப்பு. ஓய்வூதியமும் தப்பிக்கும்."

அய்யம்பெருமாள் தாளைப் பார்த்தார். முப்பத்தைந்து வருடமாக யார் எந்தத் தாளை நீட்டினாலும் கையெழுத்துப் போட்ட கை. அது தன் பாட்டுக்குப் பேனாவைத் தேடியது. அந்தக் கையை மடியில் வைத்து, இன்னொரு கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"மாட்டேன் ராசாங்கம்," என்றார்.

சொன்ன பிறகு அவருக்கே அது அந்நிய பாஷை போலிருந்தது. ஜெயசித்ரா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னான்னு சொன்னீங்க?"

"மாட்டேன்னு சொன்னேன்."

"முப்பத்தஞ்சு வருசம் முதுகெலும்பு இல்லாம குடும்பம் நடத்துனீங்க. இன்னும் ரெண்டே வருசம் அப்புடியே தள்ளியிருக்கக் கூடாதா? இப்பத்தான் முளைக்கணுமா அது?" என்றவள், ராசாங்கத்தின் கையிலிருந்து தாளைப் பிடுங்கிப் பேத்தியிடம் படிக்கச் சொன்னாள். 'குடிபோதை' என்ற இடம் வந்ததும் அவள் முகம் மாறியது.

"யாரு குடிச்சது? இந்த மனுசனா? நான் ஒருத்தி வூட்ல குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப எம் புருசன் காலங்காத்தால குடிச்சுட்டு ஆபீசரு முன்னாடி நின்னாரா? நாளைக்கு எந்தக் கோர்ட்டுல என்னா எழுதுவானோ, எம் மானம் என்னாவறது? கோழையின்னு எழுது, கையெழுத்துப் போடச் சொல்றேன். குடிகாரன்னு எழுதாத!"

தாள் நாலு துண்டாகி அடுப்புக்குள் போனது. பழத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டாள்.

தடை கிடைக்கவில்லை. வேலையும் கிடைக்கவில்லை. ஊர் அய்யம்பெருமாள் வீட்டுக்குச் சாவுச் சேதிகூடச் சொல்வதில்லை. ராசாங்கம் மட்டும் அடிக்கல் நாட்டு விழாவுக்கு முதல் ஆளாக வந்து, 'தொப்புள்கொடி உறவுகளுக்கு இல்லம் கண்டவர்' என்று தன் படத்தோடு பேனர் கட்டினார். மந்திரி பக்கத்தில் நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டார். அய்யம்பெருமாளுக்கு மேடைப் பக்கம் போக அனுமதி இல்லை. பணிநீக்கத்தில் இருப்பவர் அல்லவா.

விழா முடிந்த மறுநாள் காலையில் நர்மதா சுண்ணாம்புக் கோடு போட வந்தாள். டேப்பின் அந்தமுனையைப் பிடிக்க ஆள் இல்லை. வேடிக்கை பார்க்க வந்த அய்யம்பெருமாள், யாரும் சொல்லாமலே போய்ப் பிடித்துக்கொண்டார். மத்தியானத்துக்குள் நாற்பது வீடும் தரையில் வெள்ளையாக விழுந்துவிட்டன. முகாம் ஜனங்கள் வந்து அவரவர் எண்ணைத் தேடினார்கள். பிள்ளைகள் கோட்டுக்குள் படுத்துப் பார்த்தன.

லீலா மேரி சித்தாளுக்கே உரிய கண்ணோடு கோட்டைச் சுற்றி வந்தாள். "சர்வே பிள்ள, அடுப்படி ஒரு அடி குறையுது." நர்மதா அளந்து காட்டினாள். குறையவில்லை. லீலா மேரி நம்பாமல் தன் காலால் ஒரு தடவை அளந்தாள்.

"அண்ணே, நீங்க வந்து பாருங்க. அடுப்படிக்கு இது காணுமா?"

அய்யம்பெருமாள் டேப்பைச் சுருட்டியபடி கோட்டைத் தாண்டி உள்ளே கால் வைக்கப் போனார்.

"அய்யோ, அது சுவரு!" என்று அவள் கத்தினாள். "வாசல் அங்கால இருக்கு. சுத்தி வாங்க."

அவர் காலைப் பின்னுக்கு இழுத்தார். மூலையைச் சுற்றி நடந்து, கோடு மூன்றடிக்கு விட்டிருந்த இடத்துக்கு வந்து நின்றார்.

"செருப்பு," என்றாள் லீலா மேரி.

வெட்ட வெயிலில் செருப்பைக் கழற்றிக் கோட்டுக்கு வெளியே ஜோடியாக விட்டுவிட்டு, சூடு பொறுக்காமல் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, அவர் உள்ளே போனார்.